இடது பக்கம் வைத்த ஃபோர்க்

மூன்று வருடங்களுக்கு முன், ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றின் மதியம் நடந்தது இது. இடம், ஜி.எஸ்.டி. ரோட்டில் இருக்கும் ஒரு நட்சத்திர ஓட்டல். அதற்குள்ளே ஓர் இத்தாலிய உணவகம். சிட்லபாக்கத்தில் இருபத்தாறு வருடமாகக் குடியிருக்கும் எனக்கு அந்த ஓட்டலின் மதில் சுவர் மட்டும்தான் பழக்கம். பஸ்ஸில் போகும்போது பார்த்ததோடு சரி.

எங்கள் ஒரே மகள், தன்னோடு வேலை பார்க்கும் பையனை விரும்பினாள். பையன் குடும்பம் பெருங்களத்தூரில் புது அடுக்குமாடி ஒன்றில் இருக்கிறது. பெண் பார்க்கிறோம், பஜ்ஜி சொஜ்ஜி என்றெல்லாம் வேண்டாம், வெளியில் எங்காவது சாப்பிட்டுக்கொண்டே பேசலாம் என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். இடத்தையும் பையனே பதிவு செய்துவிட்டான். "ஏண்டி, ஊர்ல இட்லி தோசைக்கா பஞ்சம்?" என்று மகளிடம் கத்தினேன். நான் பள்ளியில் கணக்கு டீச்சர். கத்தினால் நாலு வீடு தள்ளிக் கேட்கும்.

ஆனால் என் எரிச்சலுக்குக் காரணம் இத்தாலி இல்லை, என் கணவர். அதற்கு ஒன்றரை வருடம் முன்பு அவருக்குப் பக்கவாதம் வந்திருந்தது. பேச்சு திரும்பிவிட்டது. கால் ஓரளவு திரும்பிவிட்டது. வலது கை மட்டும் வரவேயில்லை. சோற்றை இடது கையால் எடுத்து வாயில் வைப்பதை நம் வீடுகளில் எப்படிப் பார்ப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அதனால் காலையிலும் இரவிலும் நானே ஊட்டிவிடுவேன். பள்ளிக்கூட நாட்களில் மதியத்துக்கு, மூடி போட்ட டம்ளரில் கஞ்சியும் ஸ்ட்ராவும் வைத்துவிட்டுப் போவேன்.

எங்கள் காலனியில் எந்த விசேஷம் என்றாலும் பந்தி விசாரிக்கிறவர் அவர்தான். "அந்தக் கடைசி இலைக்கு அப்பளம் வரலைப்பா!" என்று சத்தம் போட்டுக்கொண்டே நடப்பார். அப்படிப்பட்ட மனிதர், கை போன பிறகு யார் பத்திரிகை வைத்தாலும், "நீ மட்டும் போய்ட்டு வந்துடு" என்று டிவி பக்கம் திரும்பிக்கொள்வார்.

பையன் வீட்டில் காலைப் பற்றிச் சொல்லியிருந்தோம். கையைப் பற்றி நான் சொல்ல விடவில்லை. முதல் சந்திப்பிலேயே எதற்கு, பேச்சு முடியட்டும் என்றேன். எங்கே தட்டிப் போய்விடுமோ என்ற பயம்தான், வேறென்ன? மகளுக்கு அது பிடிக்கவில்லை. "மறைக்கிறதுக்கு அப்பா என்னம்மா தப்பு பண்ணினாரு?" என்று கேட்டாள். நான் அவள் வாயை அடக்கிவிட்டேன்.

அவர் வரமாட்டேன் என்றுதான் முதலில் அடம் பிடித்தார். பெண்ணின் அப்பா இல்லாமல் சம்பந்தம் பேச முடியுமா? கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். "வயிறு சரியில்லைன்னு சொல்லிடறேன். சூப் மட்டும் குடிச்சுக்கறேன்." கப்பில் வரும், இடது கையால் தூக்கிக் குடித்தால் யாரும் ஒன்றும் சொல்லப் போவதில்லை. எனக்கும் அது நல்ல யோசனையாகப் பட்டது.

உள்ளே போனால் ஏசி எலும்பு வரைக்கும் குளிர்ந்தது. வெள்ளைத் துணி விரித்த மேஜை. நாங்கள் மூவர், பையன், அவன் அப்பா, அம்மா. என் கணவர் வலது கையை மடியில் வைத்து அதன் மேல் துணி நாப்கினைப் போட்டு மூடிக்கொண்டார். பேச்சு நன்றாகவே போனது. பையனின் அம்மா என் கணவரை "அண்ணா, அண்ணா" என்று கூப்பிட்டுப் பேசியது எனக்கு ஆறுதலாக இருந்தது.

சூப் வந்தது. கப்பில் இல்லை. தாம்பாளம் மாதிரி அகலமான ஒரு தட்டில், நடுவில் ஒரு குழியில் தக்காளி சூப். தூக்கவும் முடியாது, சாய்க்கவும் முடியாது. பக்கத்தில் ஒரே ஒரு ஸ்பூன், அதுவும் வலது பக்கத்தில். அவர் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மற்ற எல்லோரும் குடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். "என்ன சம்பந்தி, எடுத்துக்கலையா?" என்று பையனின் அப்பா கேட்டார்.

அந்த நேரத்தில் என் புத்தி எங்கே போனதோ! பழக்க தோஷம். ஸ்பூனை எடுத்தேன், சூப்பை அள்ளி ஊதினேன், அவர் வாயருகே கொண்டுபோய், "ஆ காட்டுங்க" என்று சொல்லிவிட்டேன். எல்லார் முன்னாலும்.

அவர் வாயைத் திறக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டார். கண் கலங்கிவிட்டது. ஸ்பூனைக் கீழே வைக்கவும் தெரியவில்லை, நீட்டவும் தெரியவில்லை. மகள் என்னைப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை.

எங்கள் மேஜைக்குப் பரிமாறியவர் ஐம்பது வயதுக்கு மேலிருக்கும் ஒருவர், காதோரம் நரைத்தவர். சட்டென்று குனிந்து, என் கையிலிருந்த ஸ்பூனையே வாங்கிக்கொண்டார். "சூப் ஆறிப்போச்சு மேடம், எடுத்துடறேன்." ஆவி பறந்துகொண்டிருந்த சூப் அது! தட்டோடு தூக்கிக்கொண்டு போனார்.

கொஞ்ச நேரத்தில் லசான்யா என்ற ஒன்றைக் கொண்டுவந்தார். கொழுக்கட்டை மாவை ஏடு ஏடாக அடுக்கி, நடுவில் காய்கறி வைத்தது போல இருந்தது. சூப் மட்டும் போதும் என்றிருந்த என் கணவருக்கும் சேர்த்து ஆறு தட்டு. ஆறிலும் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டியே இருந்தது. ஒவ்வொருவர் முன்னாலும் வைத்துவிட்டு, மேஜைக்கே பொதுவாகச் சொன்னார்: "ஃபோர்க் எல்லாருக்கும் லெஃப்ட் சைடுல வெச்சிருக்கோம் சார். லெஃப்ட் கையில பிடிச்சு சாப்பிடறதுதான் இதுக்கு முறை. ட்ரை பண்ணிப் பாருங்க, நல்லா இருக்கும்." என் கணவரைத் தனியாக ஒரு பார்வைகூடப் பார்க்கவில்லை.

பையனின் அம்மாதான் முதலில் ஃபோர்க்கை இடது கையில் எடுத்தார். குத்தினார், தூக்கினார், துண்டு பாதி வழியில் புடவையில் விழுந்தது. "ஐயோ ராமா, எனக்கு வரமாட்டேங்குதே!" என்று சிரித்தார். பையனின் அப்பா துண்டைத் தட்டு முழுக்கத் துரத்தினார். நானும் அப்படித்தான்.

என் கணவர் மெதுவாக ஃபோர்க்கை எடுத்தார். குத்தினார். வாயில் வைத்தார். ஒரு பிசிறு சிந்தவில்லை. அடுத்த துண்டு, அதற்கடுத்த துண்டு. பிறகு பையனின் அம்மாவிடம், "இறுக்கிப் பிடிக்காதீங்கம்மா, லேசா விடுங்க. கை தானா போவும்" என்றார். அந்த அம்மாள் அப்படியே செய்து ஒரு துண்டை வெற்றிகரமாக வாயில் போட்டுக்கொண்டு, "அண்ணா, நீங்கதான் இன்னிக்கு எனக்கு வாத்தியார்" என்றார். என் கணவர் நாப்கினை எடுத்து மேஜை மேல் வைத்தார். மடியில் கிடந்த வலது கையைக் காட்டி, "இது போனப்புறம் பழகினது" என்றார். "அதனால என்னண்ணா?" என்றார் அவர். அவ்வளவுதான், விஷயம் முடிந்தது. இதற்காகவா நான் ஒரு மாதம் தூங்காமல் கிடந்தேன்?

கிளம்பும்போது பரிமாறியவரிடம் நன்றி சொல்லப் போனேன். அவர், "சார் நல்லா சாப்ட்டாரா மேடம்? அது போதும்" என்று சொல்லிவிட்டு அடுத்த மேஜைக்குப் போய்விட்டார். இத்தாலிக்காரர்கள் அந்தப் பதார்த்தத்தை எந்தக் கையால் வேண்டுமானாலும் சாப்பிடுவார்களாம், முறை கிறை ஒன்றும் கிடையாதாம். மகள் பிறகுதான் சொன்னாள். அந்தப் பொய்க்கு அவருக்குக் கோயில் கட்டலாம்.

திரும்பும்போது காரில் கேட்டேன். "பழகினதுன்னு சொன்னீங்களே, எப்போ பழகினீங்க?"

"நீ ஸ்கூலுக்குப் போனப்புறம். தினமும் மதியானம் ரெண்டு கரண்டி சோறு போட்டுக்குவேன்."

குக்கரில் சோறு குறைகிறதே என்று வேலைக்கு வரும் அக்காவை ஒரு நாள் சந்தேகப்பட்டிருக்கிறேன், பாவி நான். கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "என்கிட்ட எதுக்கு மறைச்சீங்க? நான் என்ன வேத்து மனுஷியா?"

அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஆஸ்பத்திரியிலேருந்து வந்த அன்னிக்கு இந்தக் கையால எடுத்தேன். 'சீ, அந்தக் கையாலயா'ன்னு தட்டைப் பிடுங்கிட்டே. அதுக்கப்புறம் உன் முன்னாடி எடுக்கத் தோணலை."

எனக்கு அது ஞாபகமே இல்லை. நிஜமாகவே இல்லை. நான் போகிற போக்கில் சொன்ன ஒரு வார்த்தைக்காக அந்த மனிதர் ஒன்றரை வருடம் தன் வீட்டிலேயே திருட்டுத்தனமாகச் சாப்பிட்டிருக்கிறார். ஊருக்குப் பயந்து அவர் ஒளிந்துகொள்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். பல்லாவரம் வரும்வரை அழுதேன். "விடு, விடு" என்று அவர் அந்த இடது கையாலேயே என் முதுகைத் தட்டினார்.

மகள் கல்யாணத்தில் முதல் பந்தியில் உட்கார்ந்து, இலையில் சோற்றை இடது கையால் பிசைந்து சாப்பிட்டார். எதிர் வரிசையில் என் பெரியப்பா மகன் முகத்தைச் சுளித்தான். "உன் இலையைப் பார்த்து சாப்பிடுறா!" என்று நான் போட்ட போடு மண்டபம் முழுக்கக் கேட்டிருக்கும்.

இன்றைக்கும் என்னால் சும்மா இருக்க முடியாது. யாராவது தடுமாறினால் என் கை தானாக நீண்டுவிடும். ஆனால் அந்தக் கை அவரிடம் போய்ச் சேருவதற்குள், ஒரே ஒரு நொடி நின்று அவர் முகத்தைப் பார்த்துக்கொள்கிறேன், இவருக்கு நான் வேண்டுமா, கொஞ்சம் இடம் வேண்டுமா என்று.