புளிப்புச் சேர்க்காத கிரீம்

என் மாமாவுக்கு அப்போது ஒரே ஒரு ஆசைதான். எங்கள் ஊரான ஊரிகத்தில் காலை ரயில் ஏறி பெங்களூருக்கு வேலைக்குப் போவார். அதே பெட்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்து வரும் பக்கத்து ஊர் பாலகாட் பெண்ணைக் கட்டிக்கொள்ள வேண்டும். அவளிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை, பேசத் தைரியமும் கிடையாது. தன் அக்காவான என் அம்மாவிடம் கெஞ்சிக் கூத்தாடி, ஆள் விட்டு விசாரித்ததில், ஒரு ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வரச் சொல்லிவிட்டார்கள் பெண் வீட்டார்.

அதற்கு முன் வேறொரு இடத்தில், மாப்பிள்ளை முகத்தில் களையில்லை என்று கழித்துவிட்டிருந்தார்கள். அது மாமாவை அரித்துக்கொண்டே இருந்தது. விடிவதற்குள் ரயில், இருட்டியபின் வீடு என்று இருப்பவர் முகத்தில் களை எங்கிருந்து வரும்?

மாமாவின் தங்கை, அதாவது என் சித்தி, பெங்களூரில் ஒரு கிரீம் கம்பெனி லேபில் வேலை பார்த்தாள். வீட்டிலும் சும்மா இருக்கமாட்டாள். அந்தச் சனிக்கிழமை, அம்மாவின் வெடித்துப்போன கைகளுக்காக ஒரு கிரீம் காய்ச்சினாள். வெண்ணெய்போல் திரண்டு வந்ததைக் கிண்ணத்தில் மூடி வைத்து, "யாரும் தொடாதீங்க, இன்னும் முடியல," என்றாள். நான் விடுவேனா? ஏன், ஏன் என்று நச்சரித்தேன். நம் தோலுக்கு லேசான புளிப்புத்தன்மை உண்டாம். இந்தக் கிரீம் இப்போதைக்குத் துணி சோப்பு மாதிரி, பூசினால் எரியுமாம். நாளைக்கு சிட்ரிக் ஆசிட் கரைத்த தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு, தோலின் பக்குவத்துக்குக் கொண்டுவந்தால்தான் பூசலாமாம். சாம்பாருக்குப் புளி பார்ப்பதுபோல என்று எனக்குப் புரிகிற பாஷையில் முடித்தாள்.

இந்தப் பிரசங்கம் நடந்தபோது மாமா சலூனில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை குளித்துவிட்டு வந்தவர் கண்ணில் கிண்ணம் பட்டது. அள்ளி முகம் முழுக்க அப்பிக்கொண்டு, களை நன்றாக ஊறட்டும் என்று வெகுநேரம் உட்கார்ந்துவிட்டார். கழுவியபோது கன்னம் இரண்டும் தக்காளியாகச் சிவந்திருந்தன.

"ஐயோ அண்ணா, அதுல இன்னும் புளிப்பே சேக்கலியே!" என்று சித்தி அலறினாள்.

"கிரீமுக்கு இன்னாத்துக்குடி புளிப்பு? சட்னியா அரைக்கிறே?" மாமாவுக்கு அழுகையே வந்துவிட்டது. "நான் வரல. இந்த மூஞ்ச அவ பாக்கவே வேணாம்."

"கெஞ்சினவன் நீதானேடா? நட," என்று அம்மா தள்ளிக்கொண்டு போனாள்.

பெண் வீட்டில் மாமா கைக்குட்டையால் கன்னத்தை மறைத்தபடி உட்கார்ந்திருந்தார். "இன்னா தம்பி, ஜுரமா?" என்று பெண்ணின் அப்பா கேட்டார். எனக்கு வாய் சும்மா இருக்குமா?

"புளிப்பு சேக்காத கிரீமப் பூசிக்கினாரு," என்று போட்டு உடைத்தேன்.

அம்மா என் தொடையில் கிள்ளினாள். மாமா தரையைப் பார்த்தார். சம்பந்தம் போயே போச்சு என்றுதான் எல்லோருக்கும் தோன்றியிருக்கும். காபித் தட்டோடு வந்த பெண் மட்டும் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அம்மா, மோர் கீதா, இல்லியா?" என்றாள். பிறகு மாமாவிடம், "பின்னாடி வாங்க, சில்லுனு மோர் ஊத்திக் கழுவினா அடங்கிடும்," என்றாள். அவள் அப்பா தலையசைக்க, துணைக்கு என்னையும் அனுப்பினார்கள்.

அவள் செம்பிலிருந்து ஊற்றினாள், மாமா முகத்தில் வாங்கிக்கொண்டார்.

"இன்னும் எரியுதுங்களா?"

"எரியுதுங்க."

"பாப்பா, இன்னொரு செம்பு கொண்டாம்மா."

ஓடினேன். திரும்பி வந்தபோது ரயில் லேட்டாக வருவதைப் பற்றி இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் மாமா, "இன்னும் எரியுது," என்றார். மறுபடி ஓடினேன். இப்படியே மோர்ச்சட்டி காலியானது. இத்தனை ஊற்றியும் அடங்காத எரிச்சலா, பாவம் மாமா என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. "மோர் பத்தல, பக்கத்து வீட்ல வாங்கியாரட்டா?" என்று உள்ளே ஓடி வந்து மூச்சிரைக்கக் கேட்டேன்.

என் அம்மாவும் பெண்ணின் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார்கள். அங்கே ஒரு மனுஷன் வேதனையில் துடித்துக்கொண்டிருக்கும்போது இவர்களுக்குச் சிரிப்பு எப்படித்தான் வருகிறதோ என்று எனக்கு வந்ததே கோபம்!