கொசுறு போடக்கூடாத தராசு

“ஒங்க கணக்குல தப்பு வந்தா என்ன ஆகும் சார்?” என்று பிரகாசி டீச்சர் என்னைக் கேட்டது எழுபதுகளின் தொடக்கத்தில், தூத்துக்குடியில் நான் கணக்கு வாத்தியாராகச் சேர்ந்த முதல் வாரத்தில். “மார்க் போகும்” என்றேன். “எங் கணக்குல தப்பு வந்தா வெரலு போவும்” என்று சொல்லிவிட்டு, விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மைதானத்துக்குப் போய்விட்டார். விளையாட்டு டீச்சருக்கு என்ன கணக்கு என்று அன்று முழுவதும் யோசித்தேன்.

சென்ற வாரம் ஒரு காலையில் அவருடைய கணவர் மிக்கேல் அண்ணாச்சி தொலைபேசியில் அழைத்தார். “சார், பிரகாசி போயிட்டா. காப்பி குடிச்சா, கட்டில்ல சாஞ்சா, அவ்வளவுதான். நாலு மணிக்கு அடக்கம். வந்துருங்க.” போனேன். அவரிடம் படித்த பலர் வந்திருந்தார்கள். எங்கள் பள்ளியில் படித்த உங்களில் பலருக்கு அவரை விசில் ஊதும் டீச்சராகத்தான் தெரியும். எனக்குத் தெரிந்த டீச்சர், சமையலறை மேசையில் உட்கார்ந்து தோட்டா செய்தவர்.

பயப்பட வேண்டாம். எல்லாம் உரிமத்தோடு நடந்த வேலை. அவருடைய அப்பாவின் ரிவால்வர், அவர் காலத்துக்குப் பிறகு முறைப்படி மகள் பெயருக்கு மாறியது. திருநெல்வேலி கலெக்டர் ஆபீசுக்கு ஏழு முறை நடந்து, தோட்டாவை வீட்டில் நிரப்பிக்கொள்ளவும் அனுமதி வாங்கியிருந்தார். சுடும் கிளப்பில் அவர் ஒருவர்தான் பெண். குறி பார்த்துச் சுட வேண்டுமென்றால் தினமும் பழக வேண்டும். கடைத் தோட்டா வாங்கிப் பழகினால் வாத்தியார் சம்பளத்தில் மாதப் பாதியிலேயே அடுப்பு அணைந்துவிடும். அதனால் அவர் ஊரையே பயன்படுத்திக்கொண்டார்.

ஊர் என்றால் என்ன? உதாரணம் சொல்கிறேன். சுட்டுமுடித்த பித்தளைக் குப்பிகளைப் புல்லில் குனிந்து ஒன்றுவிடாமல் பொறுக்கிவருவார். குண்டுக்கு ஈயம் வேண்டும். கிழிந்த வலைகளில் கட்டியிருந்த ஈயக் கட்டிகளைக் கடற்கரையில் கேட்டால் சும்மா கொடுப்பார்கள். வெடிமருந்தை நிறுக்க நுட்பமான தராசு வேண்டும். அண்ணாச்சியின் அப்பா முத்துத் தரகர். முத்துக் குளிப்பு நின்றுபோன பிறகு அவருடைய முத்துத் தராசு அலமாரியில் சும்மா கிடந்தது. ஒரு கண்ணிமை முடியைப் போட்டால்கூடத் தட்டு அசையும். காசு கொடுத்து வாங்கியது மருந்தும், அதைப் பற்றவைக்கும் கேப்பும் மட்டும்தான்.

சனிக்கிழமைகளில் நான் போய் அவருடைய நோட்டில் எடைகளை எழுதிக் கொடுப்பேன். மின்விசிறி ஓடக் கூடாது, காற்றில் தட்டு ஆடும். ரேடியோ கூடாது. பேச்சும் கூடாது. மருந்து போடாத குப்பி கவிழ்ந்திருக்கும், போட்டது நிமிர்ந்திருக்கும். எல்லாம் முடிந்ததும், டப்பாவில் மிஞ்சிய மருந்தையும் நிறுப்பார். “போட்டது பொய் சொல்லும் சார், மிச்சம் பொய் சொல்லாது” என்பார். அது என்ன வீண் வேலை என்று நான் நினைத்ததுண்டு.

ஓராண்டு மதுரையில் போட்டி. கிளப் பெரியவர்கள் இரண்டு வருடம் இழுத்தடித்து, அரை மனதோடு அவர் பெயரை எழுதினார்கள். “இந்தத் தடவை போய்ட்டு வரட்டும். சரியா வரலன்னா பொம்பளையாள அனுப்புற பேச்சே வேண்டாம்” என்று என் காதுபடவே சொன்னார்கள். போட்டிக்கு முப்பது தோட்டா, அங்கே போய்க் கை பழக்க இருபது. வெள்ளிக்கிழமை மாலை முப்பதை முடித்துவிட்டோம். மிஞ்சிய மருந்தின் எடையை நோட்டில் எழுதினேன். மீதி இருபதைச் சனிக்கிழமை பள்ளி விட்டு வந்து செய்துகொண்டு, ஐந்து மணி ரயிலைப் பிடிப்பதாக ஏற்பாடு.

சனிக்கிழமை மதியம் நாங்கள் வீட்டுக்குள் நுழைந்தபோது அண்ணாச்சி வாசலிலேயே சிரித்தபடி நின்றார். தன் பலசரக்குக் கடையைச் சாத்திவிட்டு வந்திருந்தார்.

“ஏளா, ஒனக்கு வேலையே இல்ல. இருபதையும் நானே முடிச்சிட்டேன். வருசக்கணக்காப் பாத்துக்கிட்டுத்தான இருக்கேன்!”

ஐம்பதையும் ஒன்றாகக் கொட்டி, துணியால் பளபளவென்று துடைத்து, பிஸ்கட் டப்பாவில் அடுக்கி வைத்திருந்தார். டீச்சர் டப்பாவில் மிஞ்சிய மருந்தைத் தராசில் நிறுத்தார். நோட்டைப் பார்த்தார். இருக்க வேண்டியதைவிட மருந்து குறைவாக இருந்தது.

“எப்படிப் போட்டீங்க?”

“நிறுத்துத்தான் போட்டேன். நிறுத்துட்டு, மேல ஒரு சிட்டிகை.”

“சிட்டிகையா?”

“ஆமா. யாரு யாருக்கோ சீனி நிறுத்து மேல ஒரு கை அள்ளிப் போடுதேன். எம் பொண்டாட்டி போட்டிக்குப் போறா. அவளுக்குக் கஞ்சத்தனமாவா அளக்கிறது?”

கொசுறு வாங்கிய தோட்டா ரிவால்வரையே பிளந்துவிடும் என்று டீச்சர் எனக்கு முன்பே சொல்லியிருக்கிறார். ஐம்பதில் எந்த இருபது என்று இப்போது யாருக்கும் தெரியாது.

என் கணக்கு மூளை வேலை செய்தது. “ஒவ்வொரு தோட்டாவையும் நிறுத்துப் பார்ப்போம். கனமாக இருப்பதை ஒதுக்கிவிடலாம்.”

“ஈயக் குண்ட நாந்தான சார் வார்த்தேன். ஒண்ணுக்கு ஒண்ணு அந்தச் சிட்டிகையவிட அதிகமா வித்தியாசம் இருக்கும். கனமா இருந்தா அது குண்டா, மருந்தா? எப்படிச் சொல்லுவீங்க?”

அண்ணாச்சிக்கு அப்போதுதான் புரிந்தது. முகம் செத்துப்போய் அப்படியே உட்கார்ந்துவிட்டார். “ஏளா, நான் கெடுத்துட்டேனே. ரெண்டு வருசமாக் காத்துக்கிடந்தியே.”

டீச்சர் அவரைப் பார்த்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். தோள் குலுங்கியது, சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். “வெடிமருந்துக்குக் கொசுறு போட்ட ஆளு ஒலகத்துலயே நீங்க ஒருத்தர்தான்! கடையில அள்ளி அள்ளிக் குடுங்க. இங்கன மட்டும் கஞ்சனா இருங்க. போய் அந்தக் கதவுல முதுக வச்சு உக்காருங்க, ஒருத்தரையும் உள்ள விடக் கூடாது.”

ஐம்பதையும் அவரே பிரித்து, மருந்தை மறுபடி டப்பாவிலேயே கொட்டினார். எதுவும் தப்பவில்லை. பிறகு ஒவ்வொன்றாக நிறுத்து நிரப்பத் தொடங்கினார். மணி ஓடியது, அவர் கை வேகம் கூடவில்லை. நான் எண்ணிக்கை மட்டும் எழுதினேன். கதவுக்கு வெளியே ஒரு குரல், “அண்ணாச்சி, காக்கிலோ பருப்பு” என்றது. “கடையுமில்ல, பருப்புமில்ல, போலே!” என்று வாழ்நாளில் முதல்முறையாக அவர் ஒரு வாடிக்கையாளரை விரட்டினார். முப்பதாவது தோட்டா முடிந்தபோது நாலரை மணி. கை பழக்க ஒன்றுகூட இல்லை. டீச்சர் எழவில்லை. மிஞ்சியதை நிறுத்து, நோட்டில் வெள்ளிக்கிழமை எழுதிய எடையோடு சரிபார்த்து, “சரியா இருக்கு” என்ற பிறகுதான் செருப்பை மாட்டினார். மூவரும் ரயில் நிலையத்துக்கு ஓடினோம்.

மறுநாள் மதுரையில் மற்றவர்கள் பழகிக்கொண்டிருந்தபோது அவர் வேப்பமரத்தடியில் கைகட்டி நின்றார். பிறகு முப்பதே முப்பது சுட்டார். நான்காவது இடம். கிளப்பில் இருந்து போன ஆண்கள் யாருக்கும் முதல் பத்துக்குள் இடமில்லை. அடுத்த ஆண்டு பட்டியலில் அவர் பெயரை அவர்களே முதலில் எழுதினார்கள். அண்ணாச்சியோ தெரு முழுக்க மக்ரூன் கொடுத்தார். “முதல் பரிசா அண்ணாச்சி?” என்று கேட்டவர்களிடம், “நாலாவது! நாலாவது!” என்று சொல்லி இன்னும் இரண்டு அள்ளிப் போட்டார்.

அடக்கம் முடிந்து வீடு திரும்பியதும் அண்ணாச்சி எனக்குக் காப்பி கொடுத்தார். தம்ளர் வழிந்தது. “நிறுத்து ஊத்தலியா?” என்றேன். அழுத கண்ணோடு சிரித்தார். அலமாரியில் அந்த முத்துத் தராசு, தட்டுகள் துடைக்கப்பட்டு, அதன் பெட்டிக்குள் இருந்தது. அதை நான் கேட்கவில்லை. அது அவரிடம் இருக்கட்டும். நான் எடுத்துக்கொண்டது வேறு. அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு ஓய்வு பெறும்வரை, எந்தக் கழித்தலையும் விடையோடு விட்டதில்லை. விடையைக் கழித்த எண்ணோடு கூட்டி, தொடங்கிய எண் திரும்பி வருகிறதா என்று பார்க்கவைத்தேன். பிள்ளைகள் அதைக் கணக்கு வாத்தியாரின் பிடிவாதம் என்று நினைத்தார்கள். அது விளையாட்டு டீச்சரின் பாடம்.

அடுத்த முறை வீட்டில் எதையாவது அளந்து எடுத்தால், டப்பாவில் மிஞ்சியதையும் ஒருமுறை நிறுத்துப் பாருங்கள்.