ரெண்டு மாஸ்டர், ஒரு லைன்

போன வாரம் பொள்ளாச்சி கயிறு ஃபேக்டரி ஒன்றிலிருந்து போன்.

"ஏனுங்க, டெலிவரி ஆர்டர் பிரின்ட் எடுத்தா சம்பளப் பட்டியல் வருதுங்க! கொச்சிக்குப் போற லாரி கேட்லயே நிக்குது. சாயங்காலத்துக்குள்ள கிளம்பலீன்னா கப்பல் போயிருமுங்க!"

பேசியவர் சரஸ்வதியம்மா என்று வைத்துக்கொள்வோம். ஃபேக்டரி அவர் பொறுப்பு. கோயமுத்தூர் ஹெட் ஆபீஸ் அவர் கணவர் பொறுப்பு. இரண்டு இடத்துக்கும் நடுவே ஒரே ஒரு கம்ப்யூட்டர் லைன். ஆர்டரும் அதில்தான் வரணும், சம்பளக் கணக்கும் அதில்தான் வரணும். அதற்காக இரண்டு பக்கமும் மல்டிபிளெக்சர் என்று ஒரு பெட்டியை மாட்டியவன் நான்.

அது என்ன செய்யும்? ஆர்டருக்குத் துளி நேரம், சம்பளத்துக்குத் துளி நேரம்... மாறி மாறி அனுப்பும். இப்போது யார் முறை என்று எதிர்ப்பக்கப் பெட்டிக்கும் தெரியணுமே? அதனால் ஒரு பெட்டியின் கடிகாரம் மாஸ்டர். இன்னொன்று ஸ்லேவ், அதைப் பார்த்து நடக்கும். இரண்டுமே சொந்தக் கடிகாரத்தில் ஓடினால் கொஞ்ச நேரம் ஒழுங்காகப் போகும். அப்புறம் முறை தப்பும். கயிற்றின் எடை வரவேண்டிய இடத்தில் கந்தசாமியின் ஓவர்டைம் வந்து உட்காரும்!

ஓடினேன். பெட்டியின் பின்னால் எட்டிப் பார்த்தால் — நான் 'ஸ்லேவ்' பக்கம் வைத்த சுவிட்ச் 'மாஸ்டர்' பக்கம் நிற்கிறது.

"யாருங்க இதை மாத்துனது?"

"நாந்தானுங்க," என்றார் அம்மா, கொஞ்சமும் அசராமல். "தூசி தொடைக்கறப்பப் பாத்தேன். அங்க அவரு மாஸ்டர், இங்க நான் அடிமையா? ஃபேக்டரிய ஓட்டறது யாருங்க?"

யார் மாஸ்டர் என்பதில் மெஷினுக்கு ஒரு வருத்தமும் கிடையாது. ஒருத்தர்தான் இருக்கணும், அவ்வளவுதான். வாசலில் லாரி டிரைவர் வேறு ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார்.

கோவையில் இருந்த என் சக இன்ஜினியர் மேரியை அந்த ஹெட் ஆபீசுக்கு அனுப்பிப் போனில் பிடித்தேன். "மேரி, அங்கத்த சுவிட்சை ஸ்லேவுக்குத் தள்ளிட்டு, அந்த எழுத்து தெரியாத மாதிரி மேல ஒரு ஸ்டிக்கர் ஒட்டிருங்க."

"என்னன்னு எழுதறது?"

"தலைமை அலுவலகம்."

பிரின்டர் ஒழுங்காகப் பேச ஆரம்பித்தது. லாரி கிளம்பியது. அம்மா காபி கொடுத்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்: "அவருகிட்டச் சொல்லிப்போடாதீங்க. பாவம், மனசு நோகுமுங்க."

மறுநாள் கணவரே போன் செய்தார், உற்சாகமாக. "பாத்தீங்களா? பெட்டியிலயே தலைமை அலுவலகம்னு போட்டிருக்குது. நம்ம பக்கம் சொன்னாத்தான் அந்தப் பக்கம் கேக்குதுங்க!"

"ஆமாங்க," என்றேன்.

சர்வீஸ் இன்ஜினியருக்கு அதுவும் ஒரு சர்வீஸ்தானே!