கம்மிக் கிணறு

‘கம்மி’ என்பது தமிழே இல்லை என்று எங்கள் சமூக அறிவியல் சார் சொன்னபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்படியானால் நாங்கள் பேசுவது என்னவாம்? உப்பு கம்மி, காரம் ஜாஸ்தி என்று சொல்லாமல் திருவண்ணாமலையில் எந்த வீட்டில் சோறு இறங்கியிருக்கிறது?

அப்போது நான் ஏழாம் வகுப்பு. அவரவர் தெருவின் கதையைப் பெரியவர்களிடம் கேட்டு, செல்போனில் பதிவு செய்து வரச் சொல்லியிருந்தார் சார். நல்ல கதைகளுக்குப் பள்ளிக் கண்காட்சியில் ஃப்ளெக்ஸ் வைப்பார்களாம். நான் எங்கள் தெருக்கோடிக் கம்மிக் கிணற்றைப் பிடித்துக்கொண்டேன். கம்பிவலை போட்டு மூடிக் கிடக்கும். பௌர்ணமிக்குக் கிரிவலம் வருகிற ஜனம் தண்ணீர் பாக்கெட்டை உறிஞ்சிவிட்டு அதன்மேல்தான் வீசும்.

கதை தெரிந்தவள் அத்தை. ஜவுளிக்கடை வேலை முடிந்து வந்தவள், முகம்கூடக் கழுவாமல் உட்கார்ந்து சொன்னாள்.

“அப்பல்லாம் நாம கயித்தத் தொடக் கூடாது. குடத்த வச்சிட்டுத் தள்ளி நிக்கணும், பெரிய சாதிக்காரங்களா பாத்து ஊத்துவாங்க. நம்ம தெருக் குடம்னா மட்டும், ‘கம்மியா ஊத்து, கம்மியா ஊத்து’ன்னு ஒரு சத்தம் வரும். அதான் கம்மிக் கிணறு. நான் சொன்னத அப்படியே போடச் சொல்லு.”

சார் முழுசாகக் கேட்டார். ஒரு வார்த்தை விடாமல் கேட்டார், மகானுபாவர். கேட்டுவிட்டு, “காமாட்சிக் கிணறுன்னு இருந்திருக்கும்மா. பேச்சு வழக்குல மருவிடுச்சு. அப்படியே போட்டுடலாம்” என்றார்.

“அப்ப எங்க அத்தை பொய் சொல்றாங்களா சார்?” என்று கத்தினேன். வகுப்பே திரும்பிப் பார்த்தது. கம்மி என்று போடாவிட்டால் என் பேரையும் எடுத்துவிடுங்கள் என்று தலைமையாசிரியர் அறை வரைக்கும் போய் அழுதேன். கடைசியில் சார், “சரி, கம்மியே இருக்கட்டும், விடு” என்றார். ஊரையே ஜெயித்த மாதிரி வீட்டுக்கு ஓடினேன். அவருக்கு அந்த வார்த்தை ஒரு பொருட்டே இல்லை என்று எனக்கு எப்படித் தெரியும்?

கண்காட்சிக்கு அத்தை அரைநாள் லீவு போட்டு, பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்தாள். கையைப் பிடித்து இழுத்துப் போய் ஃப்ளெக்ஸ் முன்னால் நிறுத்தினேன்.

‘கம்மிக் கிணறு: தண்ணீரைக் கம்மியாகச் செலவழிக்கக் கற்றுத்தந்த நம் முன்னோர்.’ கீழே, தகவல் தந்தவர் என்று அத்தையின் பேர், கொட்டை எழுத்தில்.

“பாத்தியா அத்த, கம்மின்னே போட வச்சிட்டேன்!”

அத்தை படித்தாள். மறுபடியும் படித்தாள்.

“என் பேர எதுக்குடி இதுல போட்டாங்க?”

அத்தைக்குக் கூச்சம் என்றுதான் நினைத்தேன். “சும்மா சிரி அத்த” என்று சொல்லி, அந்த ஃப்ளெக்ஸை ஒட்டியே அவளை நிறுத்திவைத்து போட்டோ எடுத்தேன்.