முதல்வர் (பொ)

எங்கள் கல்லூரி முதல்வருக்கு அலுவலகத்தில் நாங்கள் வைத்த பெயர் பொறுப்பம்மா. மூன்று வருடமாக அவர் முத்திரையில் ‘முதல்வர் (பொ)’ என்றுதான் இருக்கிறது. ‘பொ’ என்றால் பொறுப்பு, அதாவது நிரந்தரம் இல்லை. ‘பொ’ன்னா பொய் என்று தேர்வுப் பிரிவில் சிரிப்பார்கள்.

அவருடைய அப்பா இதே கல்லூரியில் கழிவறை கழுவியவர். மகள் வேதியியலில் முனைவர் பட்டம் வாங்கியதை யாரும் பேசமாட்டார்கள், இதை மட்டும் மறக்கமாட்டார்கள். அதனால் அவருக்கு எதற்கெடுத்தாலும் பயம். ஒரு சந்திப்பிழை இருந்தாலும் உள்ளங்கை வேர்த்துவிடும். “மத்தவங்க தப்பு பண்ணா அது தப்பு, அவ்வளவுதான். நான் பண்ணா, அந்த ஆளுங்களே இப்படித்தான்னு ஆயிடும்மா” என்பார்.

நிரந்தர நியமனத்துக்கான நேர்காணலுக்கு நான்கு நாள் இருந்தது. அன்று தேர்வு அறிவிப்பைத் தட்டச்சு செய்த மகராசி நான்தான். (பொ) விட்டுப்போயிற்று. காய்ச்சலோடு வந்திருந்த அவரும் கவனிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டார். மறுநாளே நிர்வாகச் செயலாளரிடமிருந்து ஓலை வந்தது: தனக்குத்தானே பதவி உயர்வு கொடுத்துக்கொண்டதற்கு விளக்கம் தேவை.

“அம்மா, என் பேரைச் சொல்லிடுங்க” என்றேன். வாய்தான் சொன்னது, வயிறு வேண்டாம் வேண்டாம் என்றது.

“கையெழுத்து என்னோடதுதானே?” என்று தண்ணீர் குடிக்கப் போனார். பாதி புடவையில் கொட்டியது.

பழைய கோப்புகளைக் கிளறினேன். இவருக்கு முன் எட்டு மாதம் பொறுப்பில் இருந்த இயற்பியல்காரர் ஒரு கடிதத்தில்கூட (பொ) போட்டதில்லை! காட்டினேன். அம்மா முகம் வெளிறியது. “இதைக் காட்டுனா வாயாடின்னுவாங்க. காட்டலன்னா திருடின்னுவாங்க.”

காட்டினார், நானும் கோப்போடு கூடப் போனேன். செயலாளர் இரண்டு தாளைப் புரட்டிவிட்டு மூடினார்.

“அவர் விஷயம் வேறம்மா.”

“என்ன வேற, சார்?”

செயலாளர் கோப்பை என் பக்கம் தள்ளிவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட மணியை அடித்தார். வெளியே வந்ததும் அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “கேட்டிருக்கக் கூடாதோ? போச்சு, எல்லாம் போச்சு.”

நேர்காணல் ஐந்தே நிமிடத்தில் முடிந்தது. “என்னம்மா கேட்டாங்க?” என்றேன்.

“எங்கப்பா இங்க என்ன வேலை பார்த்தாருன்னு கேட்டாங்க. சொன்னேன். அதுக்கப்புறம் யாருக்கும் கேக்க ஒண்ணும் இல்ல.”

மாலையே ஆணை வந்தது: இன்னும் ஆறு மாதம் அதே பொறுப்பு. எனக்கு ஆத்திரத்தில் அழுகை வந்தது. “முடியாதுன்னு எழுதிக் குடுத்துட்டு வாங்கம்மா. இவனுங்களுக்கு நீங்க எதுக்கு உழைக்கணும்?”

அவர் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, “சத்தமாப் பேசாதே” என்றார். “நான் விட்டுட்டுப் போனா, அடுத்து வர்ற நம்ம ஆளுங்க வீட்டுப் பொண்ணுக்கு இந்தப் பொறுப்பைக்கூடக் குடுக்கமாட்டாங்க.”