வாலுள்ள மூன்று

அச்சுக்கடைக்காரர் கையில் ஆகாத எழுத்து என்று ஒன்று கிடையாது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர்தான். ஆனால் பட்டம் வாங்கியவனும் பெயர்ப் பலகைக்கு அவர் வாசலில்தான் வந்து நின்றான். ஈய எழுத்துக் கோத்த நாளில், பெட்டியில் ஓர் எழுத்து இல்லையென்றால் கையைப் பிசைந்துகொண்டு நிற்க மாட்டார். அதன் சாயலில் உள்ள வேறொன்றை எடுத்து அரத்தால் ராவுவார். வேண்டியது வந்து நிற்கும். "தாள் என்ன கேள்வியா கேக்கப்போகுது?" என்பார். சொந்தக் கடை, இரண்டு எந்திரம், அப்புறம் கம்ப்யூட்டர், எல்லாம் அந்த அரம் போட்ட சோறு.

கப்பல் எஞ்சின்காரர் இறந்து நான்காம் நாள் அவர் மனைவி கடைக்கு வந்தார். பிறவியிலேயே பார்வை இல்லாதவர். கணவர் வேற்று மொழிக்காரர் என்று அவருடைய பாஸ்போர்ட்டை நீட்டினார். ஆங்கில எழுத்து மாதிரியேதான் அவர் பெயரை எழுதுவது. நடுவில் மட்டும் ஓர் எழுத்து, மூன்று என்ற எண்ணை இழுத்து வரிக்குக் கீழே வால் விட்டதுபோல் இருக்கும். மறுநாள் நினைவுக் கூட்டம். வருகிறவர்களுக்கு அட்டை வேண்டும். அதே வாசகம், எழுத்தை வாய்விட்டுப் படிக்கும் தன் போனிலும் வேண்டும் என்றார்.

"எனக்குத் தொண்டை அடைச்சிரும்ணே. நான் நிக்கறேன், போன் படிக்கட்டும்."

தட்டச்சுப் பலகையில் அந்த எழுத்து இல்லை. பழைய கை சும்மா இருக்குமா? ஒரு மூன்றைத் தட்டி, கீழே இறக்கி, கொஞ்சம் நீட்டினார். அட்டையில் அச்சு அசல். அதே வாசகத்தை அந்த அம்மாவின் போனுக்கும் அனுப்பினார். மகளைக் கூப்பிட்டு, "உன் கம்ப்யூட்டர் படிப்புல இது வருமா?" என்று மீசையைத் தடவிக்கொண்டார்.

சாயங்காலமே அந்த அம்மா திரும்பி வந்தார். போனை மேசைமேல் வைத்துத் தட்டினார். போன் படித்தது. பெயரின் முன்பாதி வந்தது. பிறகு, "மூன்று". பிறகு பின்பாதி.

"அட்டையைப் பாருங்கம்மா, சரியாத்தானே..." என்று ஆரம்பித்தவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"பாக்க முடிஞ்சா போனை ஏண்ணே நம்பறேன்? ஜெயில்ல ஆளைக் கூப்பிடற நம்பர் மாதிரி இருக்கு. நாளைக்கு அத்தனை பேருக்கு முன்னால அவரை இப்படியா கூப்பிடறது?"

பக்கத்து மேசையிலிருந்த மகள் எழுந்து வந்தாள். கம்ப்யூட்டருக்கு எழுத்தின் முகம் தெரியாது, எண்தான் தெரியும் என்று மெதுவாகச் சொன்னாள். உலகத்தில் உள்ள ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் கொடுத்திருக்கிறார்கள். மூன்றுக்கு ஐம்பத்தொன்று. அதை நீட்டினாலும் நசுக்கினாலும் அது ஐம்பத்தொன்றுதான்.

"அப்போ இவரோட எழுத்துக்கு?"

"அதுக்கும் இருக்குப்பா. அறுநூத்தி அம்பத்தெட்டு."

அவர் நாற்காலியை மகளுக்கு விட்டு எழுந்தார். அவள் அந்த எண்ணைக் கொடுத்து எழுத்தை வரவழைத்தாள். பழைய அட்டைக்கும் புதியதற்கும் மயிரிழைதான் வித்தியாசம். போனில் வாசகத்தை மாற்றி, அந்த மொழியின் உச்சரிப்பையும் தேடி ஏற்றினாள். போன் மறுபடி படித்தது. குரல் விறைப்பாகத்தான் இருந்தது. ஆனால் பெயர் முழுசாக வந்தது.

அந்த அம்மா விரலை எடுக்காமல் நின்றார். "இன்னொரு தடவை," என்றார். அவராகவே தட்டிக்கொண்டார்.

மறுநாள் கூடத்தில் கடைக்காரர் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். போன் பெயரை நெருங்கியபோது அவர் நாற்காலி நுனிக்கு வந்தார். பெயர் வந்து கடந்தது. அந்த அம்மாவின் உதடுகள் அதனோடு அசைந்தன.

வெளியே வரும்போது ஒருவர் அட்டையைக் காட்டி, இந்த எழுத்தை எப்படிச் செய்தீர்கள் என்று வியந்து கேட்டார்.

"நான் செய்யலைங்க," என்றார் கடைக்காரர். "அது முன்னாடியே இருந்துச்சு."