தட்டில் மிஞ்சியவை

டென்மார்க்கில் சாப்பிட்டு எழும்பும்போது சமைத்தவருக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் எழும்பக் கூடாது. நடை பழகும் பிள்ளையிலிருந்து பல்லில்லாத கிழவர் வரை எல்லாரும் சொல்வார்கள்: "தக் ஃபோ மெல்." சாப்பாட்டுக்கு நன்றி என்று அர்த்தம். கடைசிச் சொல்லை அவர்கள் எழுதுவது வேறு மாதிரி. ஆனால் வாய்க்குள் நாக்கை வழுக்கவிட்டு அவர்கள் சொல்லும்போது நம் காதில் 'மெல்' என்றுதான் விழும். நாங்கள் வந்து சேர்ந்த புதிதில் பக்கத்து வீட்டுத் தம்பதி விருந்துக்குக் கூப்பிட்டார்கள். சாப்பாடு முடிகிற நேரம் வீட்டுக்காரர் தன் மனைவியைப் பார்த்து "தக் ஃபோ மெல்" என்றார். விழுங்கப் போன இறைச்சியை என் கணவர் அப்படியே நிறுத்தி, மறுபடி மெல்லத் தொடங்கினார். நான் காலால் இடித்தேன். "நான் அவசரமா முழுங்குறேன்னு சொல்றாங்க போல" என்று என் காதில் குசுகுசுத்தார். இறைச்சி வேகவில்லையோ என்று அந்த அம்மா பயந்துபோனது தனிக்கதை.

முப்பது வருடமாக எங்கள் வீட்டில் சிரிப்புக்கு அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. நான் எதை வைத்தாலும் சாப்பிட்டு முடித்துவிட்டு, "மெல்லு" என்று சொல்லிக்கொண்டுதான் கதிரையை விட்டு எழும்புவார். இப்போது அவர் அதைச் சொல்வதில்லை.

என் கணவர் தெல்தோட்டைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, கண்டி நகரத்து மருந்துக்கடை ஒன்றில் வேலைக்கு நின்றவர். மருந்தை விட அவருக்குச் சாப்பாட்டுக் கடைகள்தான் நன்றாகத் தெரியும். எந்தக் கடையில் எந்த நேரத்துக்கு எது சூடாக வரும் என்பது அவருக்குப் பாடம். ஒரு புதிய ஊரில் எங்கே சாப்பிடுவது என்று தெரியாவிட்டால் பஸ் ஓட்டுநர்கள் எங்கே போகிறார்கள் என்று பார்ப்பார். "வண்டி ஓட்டுறவன் வயித்தக் கெடுத்துக்க மாட்டான்" என்பது அவருடைய கணக்கு. இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு பாரிஸில் ஒரு சந்துக்குள் ஆபிரிக்கக்காரர் ஒருவரின் மீன் சோற்றுக் கடையையும், பினாங்கில் விடியவே மூடிவிடும் ஒரு ரொட்டிக் கடையையும், ஹம்பேர்க் துறைமுகத்தில் துருக்கிச் சூப்புக் கடையையும் கண்டுபிடித்தார். தூபிகளையும் அரண்மனைகளையும் பார்க்கப் போன இடங்களில் எனக்குக் கடைகளின் மேசைகள்தான் ஞாபகம் இருக்கின்றன. எங்கள் ஊர்க்காரரின் வாட்ஸ்அப் குழுவில் யாராவது "அடுத்த மாதம் இலங்கை போகிறோம், கண்டியில் எங்கே சாப்பிடலாம்?" என்று கேட்டால் போதும், இவர் குரல் பதிவாகப் பத்து நிமிடம் பேசுவார். வழி, வாசல், கேட்க வேண்டிய சாமான், கேட்கவே கூடாத சாமான் எல்லாம் அதில் இருக்கும். கடைசியில் தவறாமல் கூட்ஸ்ஷெட் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து முஸ்லிம் கடைக்கு வந்து நிற்பார். அங்கே மீன் ரோல்ஸ் சாப்பிடாமல் கண்டியைப் பார்த்தேன் என்று சொல்லாதீர்கள் என்பார்.

அந்தக் கடையில்தான் நாங்கள் முதன்முதலாக ஒன்றாக இருந்து சாப்பிட்டோம். நான் யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்கு அரசாங்க வேலைக்கு வந்தவள். எங்கள் வீட்டில் பெண்பிள்ளைகள் கடையில் இருந்து சாப்பிடுவது வழக்கமில்லை. அன்று நாங்கள் உட்கார்ந்ததுமே, கேட்காமலே, ஒரு தட்டு நிறைய ரோல்ஸ், பற்றீஸ், கட்லட், வடை எல்லாம் அடுக்கிக்கொண்டு வந்து நடுவில் வைத்தார்கள். இவர் ஒரு ரோல்ஸை எடுத்துக்கொண்டு தேத்தண்ணீரைக் குடித்தார். மிச்சமெல்லாம் எனக்காகச் சொன்னது என்று நினைத்துவிட்டேன். மிச்சம் வைத்தால் மரியாதை இல்லை என்று வளர்க்கப்பட்டவள் நான். முழுவதையும் மூச்சு முட்டத் தின்று முடித்தேன். இவர் தேத்தண்ணீரைக் குடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பிட்டதற்கு மட்டும் கணக்கு, தொடாதது திரும்பப் போய்விடும் என்ற அந்த ஊர்க் கடை வழக்கம் வெளியே வந்த பிறகுதான் எனக்குத் தெரியும். வெட்கத்தில் அழுதுவிட்டேன். "அழுவாதீங்க. தட்டக் காலி பண்ணின ஆள இப்பத்தான் நான் பாக்கிறேன். உங்களக் கட்டிக்கிட்டா நம்ம வீட்டுல சோறு மிஞ்சாது" என்றார். இரண்டு வீட்டுக்கும் பிடிக்காத கல்யாணம் அன்றைக்கே முடிவாகிவிட்டது.

போன வருடம் இவருடைய தொண்டையில் கட்டி வந்தது. கதிர்ச் சிகிச்சை கட்டியைக் கரைத்தது, கூடவே உமிழ்நீரையும் ருசியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. சோறு நனைந்த காகிதம் மாதிரி இருக்கிறது என்றார். தண்ணீர்கூட இரும்பு மணக்கிறது என்றார். சிகிச்சை நடக்கும்போது வயிற்றில் துளை போட்டு ஒரு குழாய் வைத்திருந்தார்கள், பால் மாதிரி ஒன்று அதன் வழியாகப் போகும். கெஞ்சிக் கூத்தாடி அதை எடுப்பித்தார். எடை இன்னும் குறைந்தால் குழாயைத் திரும்பப் போட வேண்டி வரும், பிறகு எடுப்பது கஷ்டம் என்று டாக்டர் என்னிடம் தெளிவாகச் சொல்லிவிட்டார். ருசி திரும்புமா என்று கேட்டேன். சிலருக்குத் திரும்பும், சிலருக்குத் திரும்பாது என்றார்.

இவர் மட்டும் விடவில்லை. கண்டிக்குப் போனால் நாக்குக்கு ஞாபகம் வரும் என்று பிடிவாதமாக நின்றார். ஆஸ்பத்திரியில் ஒரு நாள் தாதி உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டபோது, கரகரத்த குரலில் "கண்டி" என்றிருக்கிறார். டேனிஷ் மொழியில் 'கந்திஸ்' என்றால் கற்கண்டு. அந்த நல்ல பெண் ஓடிப்போய் ஒரு சின்னக் கிண்ணத்தில் இனிப்புக் கட்டிகள் கொண்டுவந்து, வாயில் வைத்துச் சூப்புங்கள், உமிழ்நீர் ஊறும் என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் போனபோது கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "கண்டி கேட்டேன், குடுத்துட்டாங்க" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றே பயணச்சீட்டுக்குச் சொன்னேன்.

விமான நிலையத்திலிருந்து குருநாகல் பாதையால்தான் போக வேண்டும் என்றார், கலகெதரவில் ஒரு ரொட்டிக் கடைக்காக. சிங்களப் பெண் ஒருவர் நடத்தும் சின்னக் கடை. தேங்காய்ப்பூ ரொட்டியும் இடித்த மிளகாய்ச் சம்பலும் வந்தன. இவர் ஒரு துண்டைச் சம்பலில் தொட்டு வாயில் வைத்தார். வறண்ட வாயில் மிளகாய் பட்டதும் கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் வழிந்தது. அந்தப் பெண் ஓடிவந்து, "அனே, கன்ன பெரித?" என்றார், ஐயோ சாப்பிட முடியவில்லையா என்று. அடுத்த நிமிடம் ஒரு வாழைப்பழத்தை உரித்துக் கையில் தந்து, "நோ சில்லி, சேர், நோ சில்லி" என்று ஆங்கிலத்துக்கு மாறிவிட்டார். நான் நுவரக்காரன், கண்டி ஆள்தான் என்று இவர் சிங்களத்தில் சொன்னார். சேர் எவ்வளவு நன்றாகச் சிங்களம் பேசுகிறார் என்று அந்தப் பெண் என்னிடம் மெச்சினார். வண்டியில் ஏறிய பிறகும் அந்த உரித்த வாழைப்பழத்தைக் கண்டி வரைக்கும் இவர் கையிலேயே வைத்திருந்தார்.

கண்டியில் இரண்டு நாட்கள் வீணாகப் போயின. சந்தைக்கு எதிரே ஒரு கடையில் இடியப்பம், மலைப்பக்கத்து ஹோட்டல் ஒன்றில் சூப்பு, பழகிய சைவக் கடையில் தோசை. ஒவ்வொரு இடத்திலும் ஒரு வாய், பிறகு கை துடைக்கும் தாள். நான் எதிரே உட்கார்ந்து அவருடைய தொண்டையையே பார்த்துக்கொண்டிருப்பேன். அது அசைந்தால் எனக்கு உயிர் வரும். பெரும்பாலும் அது அசையவில்லை. மூன்றாம் நாள் காலையில் சேட்டுக்கு இஸ்திரி போடச் சொன்னார். கூட்ஸ்ஷெட் கடையைக் கடைசிக்கென்று ஒதுக்கி வைத்திருந்தார் என்று அப்போதுதான் விளங்கியது.

கடை அங்கேதான் இருந்தது. பஸ்களின் ஹோர்ன், நடத்துநர்களின் கூச்சல், ஓட்டுநர்கள் நிறைந்த மேசைகள். காசு மேசையில் இருந்தவரிடம் இவர் பழைய முதலாளியை விசாரித்தார்.

"வாப்பா மவுத்தாகிட்டாங்க. நான் மகன். நீங்க வாப்பாட ஆளா?"

"ரோல்ஸுக்கு ஆளு" என்றார் இவர்.

அவர் சிரித்துக்கொண்டே கதிரையை இழுத்துப் போட்டார். "இரிங்க, இரிங்க. சூடா ஈக்கி."

தட்டு வந்தது. அதே அடுக்கு. இவர் ஒரு ரோல்ஸை எடுத்து முதலில் மூக்குக்குக் கிட்டப் பிடித்தார். பிறகு கடித்தார். மென்றார். இவ்வளவு நேரம் ஒரு மனிதர் மெல்வதை நான் பார்த்ததில்லை. கண்ணை மூடிக்கொண்டு, ஏதோ ஒரு பெயரை ஞாபகப்படுத்த முயற்சிப்பவர் போல மென்றார். பக்கத்து மேசை ஓட்டுநர் சாப்பிட்டு, கை கழுவிவிட்டுப் போய்விட்டார். கடைசியில் தாளை எடுத்து வாயைப் பொத்தி, அதில் எல்லாவற்றையும் துப்பி, நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

"ஒண்ணுமில்ல, செல்வி" என்றார். "ஒண்ணுமே இல்ல."

இஞ்சருங்கோ, போவம் என்றேன். அவர் தட்டை என் பக்கம் தள்ளினார்.

"நீ சாப்பிடு."

"எனக்கு வேண்டாம்."

"தட்டு அப்படியே திரும்பிப் போனா அந்த மனுசன் என்ன நெனைப்பாரு? வாப்பாட ஆளுன்னு உக்கார வச்சிருக்காரு. சாப்பிடு. சாப்பிட்டுக்கிட்டே எப்படி இருக்குன்னு சொல்லு."

நான் எடுத்தேன். எண்ணெய் பழசு. உள்ளே உருளைக்கிழங்குதான், மீன் பெயருக்கு இருந்தது. நாட்டில் விலைவாசி ஏறிய ஏற்றத்தில் யாரைக் குற்றம் சொல்ல முடியும்? இவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். மேல் தூள் மொறுமொறு என்றிருக்கு என்றேன். மிளகு தூக்கலாக இருக்கு, மீன் நிறைய வைச்சிருக்கினம் என்றேன்.

"முந்தி மாதிரியா?"

"ஓம். அப்பிடியே இருக்கு."

பற்றீஸைக் கேட்டார். கட்லட்டைக் கேட்டார். வடையில் பெருஞ்சீரகம் தெரிகிறதா என்று கேட்டார். நான் ஒவ்வொன்றாகத் தின்று ஒவ்வொன்றுக்கும் பொய் சொன்னேன். கண்ணீர் மூக்கு வழியாக உள்ளே இறங்கி எல்லாவற்றையும் ஒரே உப்பாக்கியது. அந்தக் கடையை அவர் நாக்கால் நான் ஒரு முறை சாப்பிட்டுவிட வேண்டும் என்று எனக்கு வெறி பிடித்திருந்தது. முடியவில்லை. எனக்கு இருந்தது என் நாக்கு மட்டும்தான்.

முதலாளி வந்து தட்டைப் பார்த்தார். "மாஷா அல்லாஹ், ஒண்டும் மிச்சமில்லையே! இன்னும் கொண்டு வரவா?"

"எல்லாம் இவங்கதான்" என்றார் இவர். "அன்னைக்கும் இப்படித்தான்."

நாங்கள் திரும்பி வந்த கிழமையே குழாயைப் போட்டார்கள். இனி எடுக்கும் பேச்சு இல்லை. நாளுக்கு நான்கு தடவை கொக்கியில் பையைத் தொங்கவிடுகிறேன். வெள்ளையாக இறங்கும் அது அவருடைய நாக்கைத் தொடாமலே வயிற்றுக்குப் போகிறது. டென்மார்க் அவரை உயிரோடு வைத்திருக்கிறது, அதற்கு நான் நன்றி கெட்டவள் இல்லை. ஆனால் யாருக்கு "தக் ஃபோ மெல்" சொல்வது என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. முதலில் நான் குசினிக்குள் ஒளித்து நின்றபடியே சாப்பிட்டேன். ஒரு நாள் கூப்பிட்டு, எதிரே கதிரையில் உட்கார்ந்து சாப்பிடச் சொன்னார். இப்போது அப்படித்தான். அவர் பையோடு இருப்பார், நான் தட்டோடு இருப்பேன், உப்புப் போதுமா என்று அவர் கேட்பார்.

நேற்று மத்தியானம் குழுவில் ஒருவர் கேட்டிருந்தார்: பிள்ளைகளோடு முதல் தடவையாகப் போகிறோம், கண்டியில் எங்கே சாப்பிடலாம்? ஒருவரும் பதில் போடவில்லை. எல்லாரும் இவருடைய குரலுக்காகக் காத்திருந்தார்கள் போல. குரல் இப்போது அவ்வளவு தூரம் வராது. "நான் சொல்றேன், நீ அடி" என்றார். அடித்தேன். கூட்ஸ்ஷெட்டில் இறங்கி எந்தப் பக்கம் திரும்புவது, எந்த மேசையில் உட்கார்வது, பழைய முதலாளி காலமாகிவிட்டார், மகன் தங்கமானவர், தட்டில் வைக்கிற எல்லாவற்றையும் சாப்பிட வேண்டும் என்று கட்டாயம் இல்லை. அதுவரைக்கும் சரியாகத்தான் போனது. பிறகு கொஞ்சம் நிறுத்தி, குழாயை ஒரு பக்கமாக ஒதுக்கி, என்னை நேராகப் பார்த்துக்கொண்டு கடைசி வரியைச் சொன்னார்.

"மீன் ரோல்ஸ் முந்தி மாதிரியே இருக்கு. ருசி மாறவே இல்ல. நானே போயி சாப்பிட்டுப் பாத்தேன்."

என் விரல் நின்றுவிட்டது.

"அனுப்பு" என்றார்.

அனுப்பினேன்.